செவலைக்கு ரெண்டு பேர்

உங்க நாயி சொறிஞ்சுட்டே இருக்குதுங்களே அம்மணி? தப்பா நினைக்காதீங்க, இந்தப் பெஞ்சுல உக்காந்ததுல இருந்து பாத்துட்டே இருக்கறேன். கொஞ்சம் மல்லாக்கப் போடுங்க பாக்கலாம். கடிக்காதுல்லீங்க? ஆங், அப்படித்தான். பாத்தீங்களா? வயித்துல, தொடை இடுக்குல, சின்னச் சின்னதாச் செவப்புப் பொரி. நுனியில மஞ்சளாச் சீழு. இந்தா, இங்க வட்டமா ஒண்ணு, ஓரத்துல தோலு செதில் செதிலா உரிஞ்சு நிக்குது. படர்தாமரைன்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நான் நினைக்கலீங்க. என்ற நாய்க்கு வந்தப்ப அது இல்லைன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்கு அப்பவே சந்தேகந்தான்.

ஏதாச்சும் தடவுனீங்களா? தேங்காயெண்ணெயா? சரி, அதோட நின்னீங்களே, நல்லது.

டாக்டரம்மா மாடு பாக்கப் போயிருக்கறாங்களாம். வர நேரமாகும். உக்காருங்க.

இவனா? இவன் பேரு செவலை. டேய் செவலை. செவலை! பாத்தீங்களா, காது கூட ஆடுதா? தம்பின்னு கூப்பிட்டாத்தான் தொரை திரும்புவாரு. நான் கூப்பிட மாட்டனுங்க. அது அவ வெச்ச பேரு.

ஆருன்னா கேக்கறீங்க? இசக்கிதான். வேற ஆரு.

நாங்க குடியிருக்கறது லைன் வீடுங்க. ஒரே வரிசை, ஒட்டி ஒட்டி வீடு, பொதுவா ஒரு வாசல், கடைசியில தண்ணித்தொட்டி. நான் பனியன் கம்பெனியில செக்கிங். தைச்சு வர்ற துணியில ஒரு நூல் பிசிறு, ஒரு ஊசி ஓட்டை இருந்தாப் போதும், என்ற கண்ணுக்குத் தப்பாது. சூப்பர்வைசரே சொல்லுவான், மயிலாத்தாக்கா கண்ணு எக்ஸ்ரே கண்ணுன்னு. அதுக்குத்தான் சொல்ல வந்தேன், செவலை ஒடம்புல புள்ளி வந்தப்ப நான் பாக்கலைன்னு அவ சொன்னாளே, அது சுத்தப் பொய்யி. பாத்தேன். அது வேனக்கட்டின்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

இவன் எனக்கு எப்படிக் கெடைச்சான்னு சொல்லோணுமே. ஒரு மழையில கம்பெனி வாசல்ல குட்டியா நனைஞ்சுட்டுக் கெடந்தான். டிபன் பாக்ஸ் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். எனக்குன்னு ஆருமில்லீங்க. கட்டிக்கிட்டவன் சூரத்துக்கு வேலைக்குப் போறேன்னு போனவன், அங்கயே ஒண்ணைச் சேத்துக்கிட்டு இருந்துட்டான். அது பழைய கதை, விடுங்க. வீட்டுக்கு வந்தாக் கதவத் தொறக்கறப்ப வாலாட்ட ஒரு சீவன். அதுக்கு நான் ராசாத்தி. என்ற செருப்புச் சத்தம் தெருமுனையில கேட்டாப் போதும், வாசல்ல நிப்பான்.

அப்பத்தான் பக்கத்து வீடு காலியாயி இசக்கி வந்தா. சங்கரன்கோவில் பக்கமாம். புருசன் லோடு ஆட்டோ ஓட்டறான், நல்ல பையந்தான், வாயத் தொறக்க மாட்டான். அவனுக்கும் சேத்து இவ பேசுவா. வந்த அன்னிக்கே கருவாட்டுக் கொழம்பு. நம்ம பக்கம் அந்த வாசனைக்கு மூக்கப் பொத்துவோம், இந்தச் சனியன் என்னடான்னா நாக்கத் தொங்கப் போட்டுட்டு அவ வாசல்ல போயி உக்காந்துட்டான். "தம்பி, பசிக்கால? வால, வந்து தின்னு"ன்னு அவ கூப்பிட, இவன் ஓட. அன்னிக்குப் போனவந்தான்.

நான் பொறாமைப்படற ஆளு இல்லீங்க அம்மணி. லைன்ல ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஆனா ஒரு நாயமுன்னு இருக்குதுல்ல? நான் கம்பெனி விட்டு வர்றப்ப அவ வாசல்ல படுத்துட்டு, தலையத் தூக்கி ஒரு பார்வை. "வந்துட்டியா?"ங்கற மாதிரி. அவ்வளவுதான். வாலு ரெண்டு தட்டு தட்டும், அதுவும் தரையில படுத்தாப்புலயே. ராத்திரி மட்டும் என்ற வீட்டுல வந்து படுப்பான். சத்திரம்னு நினைச்சுக்கிட்டான்.

அதுக்காகவே அவன நல்லா வெச்சுக்கோணும்னு நான் தினமும் குளிக்க வெச்சனுங்க. துணிக்குப் போடற சோப்பு, நல்லா நொர வர்ற மாதிரி தேச்சு. எந்த நாயி தினமும் குளிக்குது சொல்லுங்க? பின்னால டாக்டரம்மா, அப்படிக் குளிக்க வெச்சுத்தான் தோலு காஞ்சு போச்சுன்னாங்க. சுத்தமா வெச்சிருந்தது தப்பாம். என்னத்தச் சொல்றது.

வெயில் ஏற ஏற இவன் சொறிய ஆரம்பிச்சான். வயிறு செவந்து போச்சு. முதுகுல முடி அங்கங்க கொத்துக் கொத்தா விழுந்து, செல்லரிச்ச கம்பளியாட்டம். ஒரு நாத்தம் வேற. நான் வேப்பெண்ணெயில கற்பூரத்தப் பொடிச்சுப் போட்டுத் தடவுனேன். நம்ம ஊர்ல சொறிக்கு அதானே தடவுவாங்க? இவன் அத நக்கி நக்கி வாந்தி எடுத்தான்.

அப்ப அவ தொட்டிக்கிட்ட துணி தொவைச்சுட்டு இருந்தவ வந்தா. ஈரக் கையத் தொடைச்சுட்டு இவனப் பொரட்டிப் பாத்தா. நான் பக்கத்துல நிக்கறேன், ஒரு வார்த்தை கேக்காம, அவ நாயாட்டம்.

"யக்கா, இது சொறி இல்லக்கா. சீழ் வச்சிருக்கு பாருங்க. எங்க வீட்ல ஒரு நாய்க்கு இப்பிடித்தான் வந்துச்சு. எண்ணெ போடாதீங்க, அது நக்குனா வெசம். ஆசுவத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்க்கா."

"எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

"தெரியும்க்கா. நீங்க வேலைக்குப் போயிருதீங்க. உங்களுக்கு நேரம் எங்க இருக்கு?"

இதக் கவனிங்க அம்மணி. குத்திக் காட்டறத எவ்வளவு பதமாச் செய்யறா பாருங்க.

இதுக்கு நடுவுல லைன்ல எல்லாரும் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கொழந்தைங்க இருக்கற எடம், சொறி நாயி சுத்துது, ஒட்டிக்கும்னு. வீட்டு ஓனரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு: "மயிலாத்தா, ஒண்ணு அது போகோணும், இல்ல நீ போகோணும்." வாடகை ஒழுங்காக் குடுக்கறவ, இத்தன வருசமாக் குடியிருக்கறவ, என்னையப் பாத்து அப்படி. நான் லீவு போட்டேன். அவ புருசன் லோடு ஆட்டோவுல பின்னால நாங்க ரெண்டு பேரும், நடுவுல இவன். இவன் தலைய ஆரு மடியில வெச்சான்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதே பெஞ்சுதாங்க. டாக்டரம்மா பாத்தாங்க. பொறுமையானவங்க. தோல லேசாச் சொரண்டி எடுத்தாங்க, ஒரு கண்ணாடித் துண்டப் புண்ணு மேல அமுக்கி எடுத்தாங்க, உள்ள போயி மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வந்தாங்க. "சொறிப் பூச்சி இல்லம்மா. இது பாக்டீரியா. தோலு மேல எப்பவும் இருக்கறதுதான், தோலு நல்லா இருந்தா ஒண்ணும் பண்ணாது. இவனுக்குத் தெள்ளுப்பூச்சி கடிச்சிருக்கு, இவன் சொறிஞ்சு புண்ணாக்கிட்டான், அதுல உள்ள பூந்துருச்சு"ன்னாங்க. மனுசருக்கு ஒட்டுமான்னு இசக்கிதான் கேட்டா. சாதாரணமா ஒட்டாது, தொட்டாக் கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க, போதும்னாங்க. அதக் கேட்கோணும்னு என்ற நாக்குலயும் இருந்துச்சு. அவ முந்திக்கிட்டா.

தெள்ளுப்பூச்சிக்கு ஒரு மருந்து, சீழுக்கு மாத்திரை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வாரம் ரெண்டு தடவ மருந்து ஷாம்பு. "ஷாம்பு போட்டுப் பத்து நிமிசம் அப்படியே விடோணும். ஒடனே கழுவுனாப் பிரயோசனமில்ல. மாத்திரையப் பாதியில நிறுத்திராதீங்க. பாக்க ஆறுன மாதிரித்தான் இருக்கும். நான் பாத்துப் போதும்னு சொன்னாத்தான் நிறுத்தோணும்." உங்களுக்கும் இதத்தான் சொல்லுவாங்க, இப்பவே கேட்டுக்குங்க.

காலை மாத்திரை நான், சாயங்காலம் இசக்கின்னு பிரிச்சுக்கிட்டோம். அவ அவிச்ச முட்டையில மஞ்சக்கருவ எடுத்து அதுக்குள்ள மாத்திரைய வெச்சு நீட்டுவா. இவன் கையோட முழுங்குவான். கேட்டு வாங்கித் திம்பான். நான் கம்பெனி பஸ்சுக்கு ஓடற ஆளு. முட்டைக்கு எங்க போறது? வாயப் பொளந்து உள்ள தள்ளி, வாய மூடிப் புடிச்சு, தொண்டையத் தடவுவேன். டாக்டரம்மா சொல்லிக் குடுத்த முறைதான். ஆனா நாலஞ்சு நாள்ல இவன் என்ன பண்ணுனான்? நான் எந்திரிச்சா இவனும் எந்திரிச்சு அவ வீட்டுக் கதவுக்குப் போக ஆரம்பிச்சுட்டான். என்னையக் கண்டா வாலு உள்ள போயிருச்சுங்க. என்னையக் கண்டா.

ஷாம்பு நாள் மட்டும் ரெண்டு பேரும் சேந்துதான். ஒரு ஆளால முடியாது. நொர போட்டு, நக்காம இருக்க அவ தலையப் புடிப்பா, நான் இடுப்பப் புடிப்பேன். அப்படியே தொட்டிப் பக்கம் உக்காந்துக்குவோம். அந்தப் பத்து நிமிசமும் அவ வாய் ஓயாது. கல்யாணமாயி இத்தன வருசமாக் கொழந்தை நிக்கலைன்னு ஊர்ல மாமியா பேசுன பேச்சு, அதுக்காகவே இங்க வந்தது, எல்லாஞ் சொல்லுவா. சொல்லிட்டு, "உங்ககிட்ட சொன்னா லேசா இருக்குக்கா"ம்பா. நான் நொரயத் தேச்சுட்டே கேட்டுக்குவேன். ஏதோ ஒரு நாளு சூரத்துக்காரன் கதையச் சொன்னேன். அவ அழுதுட்டா. நானே அழுகல, அவ எதுக்கு அழுகறா? கண்ணத் தொடைக்கக் கையில்ல, ரெண்டு கையிலயும் நொர. நாந்தான் முந்தானையில தொடைச்சு விட்டேன். பத்து நிமிசம் எப்பவோ ஆயிருச்சு, நாங்க கவனிக்கல. ஆனா ஒண்ணு. அப்பவும் தலை அவ பக்கந்தான். எனக்குப் பின்பக்கம்.

எனக்குக் காச்சல் வந்து படுத்தப்ப மிளகு ரசம் வெச்சுட்டு வந்தா. தலைமாட்டுல உக்காந்து தைலம் தேச்சு விட்டா. நாயப் பாக்கற சாக்குதாங்க. நாயி என்ற கட்டிலுக்கு அடியில படுத்திருந்துச்சே.

கொஞ்ச நாள்ல புண்ணெல்லாம் காஞ்சு, முடி மொளைச்சுது. பளபளன்னு ஆயிட்டான். லைன்ல எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? "இசக்கி கை ராசி"ன்னாங்க. இசக்கி கை! எண்ணெய் தேச்சது ஆரு, லீவு போட்டது ஆரு, வாயப் பொளந்து கடி வாங்குனது ஆரு? நான் காலை மாத்திரைய விட்டுட்டேன். நல்லாத்தானே இருந்தான்? நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மருந்து? அதுவுமில்லாம, மாத்திரை குடுக்காததுக்கு மறுநாளே பாருங்க, காலையில நான் எந்திரிச்சப்ப வந்து என்ற காலுல மொகத்தத் தேச்சான். எத்தன நாளாச்சு தெரியுமா அப்படித் தேச்சு. அந்த மொகத்தப் பாத்துட்டு எந்தப் பாவி வாயப் பொளப்பா, நீங்களே சொல்லுங்க.

திரும்ப வந்துருச்சுங்க. முதல்ல வந்ததாட்டம் இல்ல. இந்தத் தடவ ஆழமா. கட்டி கட்டியா ஒடைஞ்சு ரத்தமும் சீழுமா, ஒடம்பு அனலாக் கொதிக்குது. தின்னல. கருவாட்டக் காட்டியும் தலையத் தூக்கல.

அன்னிக்கு நான் கம்பெனியில. ஏத்துமதி அவசரம், ஆரும் வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. அந்த நேரம் பாத்து ஓனரு சாக்கும் கயிறும் குடுத்து ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்துட்டாரு. ஆத்துக்கு அக்கட்ட கொண்டு போயி விட்டுருங்கன்னு. இசக்கி என்ன பண்ணியிருக்கறா? வாசல்ல உக்காந்து இவனத் தூக்கி மடியில போட்டுட்டா. ரத்தம், சீழு, அத்தனையும் சேலையில. "என்னையும் சேத்துச் சாக்குல கட்டுங்க"ன்னாளாம். "இது எங்க அக்கா புள்ள. அக்கா வாரதுக்குள்ள தொட்டீங்க, பாத்துக்கோங்க"ன்னு கத்துனாளாம். லைனே கூடிருச்சாம். பொறகு அவளே ஓனருகிட்ட, டாக்டர் ஒட்டாதுன்னு சொன்னாங்க, சந்தேகம்னா நீங்களே வந்து கேளுங்கன்னு கெஞ்சி, அவரு மொனகிட்டே போயிட்டாரு.

நான் வர்றப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. வாசல்ல அவ அதே சேலையோட உக்காந்திருக்கறா. லைன்ல பொம்பளைங்க எல்லாம் அவளப் பத்தித்தான் பேச்சு. எனக்கு எப்படி இருக்கும்? நான் இருந்திருந்தா நானும் தூக்கியிருப்பனுங்க. நான் இல்லாத நேரமாப் பாத்து அவ தூக்கிட்டா. அத நெனச்சா இன்னிக்கும் மனசு ஆற மாட்டேங்குது.

மறுநாளு மறுபடியும் இங்க. டாக்டரம்மா பஞ்சுக் குச்சியில சீழத் தொட்டு எடுத்து, எந்த மருந்துக்குக் கேக்கும்னு பாக்க அனுப்புனாங்க. மொகம் கடுகடுன்னு இருந்துச்சு. "நடுவுல விட்டா மிச்சமிருக்கற கிருமி பலமாயிரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆரும்மா மாத்திரைய நிறுத்துனது?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இசக்கி, "நாந்தான் டாக்டர். காலம்பற குடுக்க மறந்துட்டேன்"னுட்டா.

காலம்பற! காலை மாத்திரை என்ற பொறுப்பு அம்மணி! அட்டையில மிச்சம் இருந்தத அவ எப்பவோ பாத்திருப்பா போல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. டாக்டரம்மா அவள வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க. ஒரு உசுரோட வெளையாடறியான்னு கேட்டாங்க. அவ தலையக் குனிஞ்சு நின்னா. கண்ணுல தண்ணி வேற. அக்கா தங்கச்சியாட்டம் இருக்கறீங்க, பெரியவங்க நீங்களாச்சும் பாத்துக்கக் கூடாதான்னு என்னைய மெதுவாக் கேட்டாங்க.

பாத்துக்குங்க. நாயி அவளுது, கை ராசி அவளுது, என்ற பங்குக்கு வந்த திட்டையாச்சும் எனக்கு விட்டாளா? அதையும் அவளே வாங்கிக்கிட்டா. ஆட்டோவுல வர்றப்ப நான் வெளியவே பாத்துட்டு வந்தேன். "யக்கா கோவமா?"ன்னு ரெண்டு தடவ கேட்டா. கோவப்படாம?

அதுக்கப்பறம் காலை மாத்திரைய நான் விடல. முட்டை அவிச்சேன். கம்பெனி பஸ்ச விட்டாலும் பரவால்லைன்னு அவிச்சேன். புண்ணு ஆறுச்சு. ஆறுன பொறகும் குடுத்தேன். டாக்டரம்மா பொரட்டிப் பாத்துட்டு, போதும்மான்னு சொன்னப்பறந்தான் நிறுத்துனேன். ஓனரு கூட வந்து பாத்துட்டு, இது அதே நாயான்னாரு.

இப்பத்தான் நிம்மதின்னு இருக்கறப்ப அவ புருசனுக்கு ஊர்லயே வேலை அமைஞ்சுது. அவ அப்பன் ஆத்தாளுக்கும் முடியலியாம். வண்டியில சாமான் ஏத்தறாங்க. நான் வீட்டுக்குள்ள உக்காந்துட்டேன். இவனக் கூட்டிட்டுப் போயிருவா, எனக்கு நல்லாத் தெரியும். இவனும் ஏறிருவான். கதவச் சாத்தி இவன உள்ள கட்டி வெச்சிருந்தேன். அவ வந்து கதவத் தட்டுனா. உள்ள வந்து இவன் மூஞ்சியப் புடிச்சு, "அக்காவ நல்லாப் பாத்துக்கோ தம்பி, என்ன"ன்னா. அவ்வளவுதான். கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லலாம்னு என்னென்னவோ யோசிச்சு வெச்சிருந்தேன். அத்தனையும் வீணாப் போச்சு.

அவுத்து விட்டதும் இவன் அந்தப் பூட்டுன கதவுக்கு முன்னால போயிப் படுத்துட்டான். நாளும் அங்கதான். ஆள் போயி, பூட்டுக்குப் பொறாமைப்படற நெலமைக்கு என்னையக் கொண்டு வந்துட்டான். சாயங்காலம் கூப்பிட்டா வர மாட்டான். நானும் சோத்துத் தட்டோட அங்கயே போயி உக்காந்துக்குவேன். இவனுக்குத் தொணைக்குத்தான். அந்த வாசப்படியில காத்து நல்லா வரும்.

இப்ப எதுக்கு வந்திருக்கறேன்னு கேக்கறீங்களா? இவனுக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு? இல்லீங்க, நீங்களே வயித்தப் பாருங்க, பளிங்காட்டம் இருக்குது. ஒரு புள்ளி கெடையாது. இருந்தாலும் டாக்டரம்மா வாயால ஒரு தடவ கேட்டுக்கலாம்னு வந்தேன்.

ஞாயித்துக்கெழமை அவ வர்றா. போன் பண்ணுனா. இங்க ஏதோ சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணமாம். வந்ததும் மொத வேலையா இவனப் பொரட்டிப் போட்டுப் பாப்பா. எனக்குத் தெரியாதா அவள? அப்ப ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி கண்ணுல பட்டுரக் கூடாது. அதுக்குத்தான். தங்கிட்டுத்தான் போவா. கட்டிலுக்குப் புதுசாப் போர்வை எடுத்திருக்கறேன். கருவாடு வாங்கிக் கொழம்பு வெச்சுப் பாத்தேன் ரெண்டு தடவ. எனக்கு அந்த வாசனை ஆகாது. இவன் திம்பானேன்னு வெச்சேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன்ல என்ன சொன்னா தெரியுமா? "யக்கா, தம்பியப் பாக்க வாரேன்"னா. தம்பியப் பாக்க. தம்பி தின்னானா, தம்பி தூங்குனானா, தம்பிக்குப் புண்ணு வந்துச்சான்னு அத்தனையுங் கேட்டா. சரி, அடுத்ததாக் கேப்பா, அடுத்ததாக் கேப்பான்னு நானும் போனக் காதுலயே வெச்சுட்டு நிக்கறேன். சார்ஜ் இல்லக்கா, நேர்ல பேசுவோம்னு வெச்சுட்டா.

அதா, டாக்டரம்மா வண்டி வந்துருச்சு. நீங்க முன்னால போங்க அம்மணி, உங்களுதுதான் அவசரம். இல்லீங்க, போங்க, நாங்க இருக்கறோம்.

என்னடா பாக்கற? உன்னையப் பாக்கத்தான் வர்றாளாம். குடுத்து வெச்சவன்டா நீ.